முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை சைக்கிளில்



ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் முட்டுக்காடு பாலத்தைத் தாண்டிப் போகும் சைக்கிள்களைப் பார்த்திருப்பீங்க. ஒருபுறம் கடல், மறுபுறம் உப்பங்கழி. கோவளம், வடநெம்மேலி முதலைப் பண்ணை, சாளுவன்குப்பம் புலிக்குகை வழியாக மாமல்லபுரம் சுமார் 20 கிலோமீட்டர்தான்.

ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்களும் பஸ்களும் வேகமாக வரும். அதனால் ஒருவர் பின் ஒருவராகப் போங்க. ஹெல்மெட், பின்பக்கம் சிவப்பு விளக்கு இல்லாமல் கிளம்பாதீங்க. கார் ஓட்டுறவங்களும் சைக்கிளை முந்தும்போது தாராளமாக இடைவெளி விடணும்.

திரும்ப அதே ரோடு வேண்டாமா? மாமல்லபுரத்திலிருந்து மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில் திருக்கழுக்குன்றம். இன்னும் அவ்வளவு தூரம் போனால் செங்கல்பட்டு, கொளவாய் ஏரி.

வழியில் யாராவது விழுந்து கிடந்தால் உடனே 108-ஐ கூப்பிடுங்க. போலீஸ், கோர்ட்டுன்னு அலையணுமேன்னு ஒதுங்கிப் போகாதீங்க. நல்லெண்ணத்தோடு உதவுறவங்களுக்கு 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பு தருது. உங்க பெயர், முகவரியைச் சொல்லணும்னு கட்டாயம் இல்லை. நீங்க நிற்கிற அந்த ரெண்டு நிமிஷம் ஒரு உயிரைக் காப்பாற்றலாம்.