நெடும்பாசேரியில் இறங்கினால் மட்டாஞ்சேரி வந்ததாகாது
(மட்டாஞ்சேரியில் நடந்த அங்கத்தினர் சந்திப்பில் ஆற்றிய உரை)

வெளியூரிலிருந்து விமானத்தில் வந்த அன்பர் ஒருவர், "கொச்சியில் இறங்கிவிட்டோம், இதோ வருகிறோம்" என்று காலையில் போன் செய்தார். வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நெடும்பாசேரி இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர், ஸ்வாமி!

முன்பு விமான நிலையம் பக்கத்திலேயே, வில்லிங்டன் தீவில் கடற்படை இடத்தில் இருந்தது. பெரிய விமானங்களுக்கு அது போதவில்லை. 1999-ல் நெடும்பாசேரி வந்தது. அரசாங்கத்தோடு வெளிநாடுவாழ் மலையாளிகளும் பங்கு போட்டுக் கட்டியது. 2015 முதல் முழுக்க சூரிய மின்சாரம். ராத்திரி சூரியன் ஏது என்பீர்கள். பகலில் மிஞ்சுவதை மின்வாரியத்துக்குக் கொடுத்து, இரவில் திரும்பப் பெறுகிறார்கள். பேங்க் டெபாசிட் மாதிரிதான். பி.எஸ்ஸி. படித்தவன், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இறங்குகிறவர்களில் பாதிப்பேர் நேரே குருவாயூர் போய்விடுகிறார்கள். ஒரு நாள் இங்கே தங்குங்கள். டச்சு அரண்மனை என்று பெயர்; கட்டியது போர்த்துகீசியர், சுமார் 1555-ல். டச்சுக்காரர் செப்பனிட்டதோடு சரி. ராஜாவின் பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம் சித்திரமாக இருக்கிறது. மாமிகள் அங்கிருந்து நகரமாட்டார்கள்.

அடுத்தாற்போல் 1568-ல் கட்டிய யூதர் ஆலயம். இடம் கொடுத்தவர் கொச்சி ராஜா. தரையில் சீனத்து நீல ஓடுகள், கையால் வரைந்தவை. மணிக்கூண்டில் ஒரு முகத்தில் எபிரேய எண்கள். 1968-ல் நானூறாவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். நான் அப்போது கல்லூரி மாணவன். கூட்டத்தில் எட்டி எட்டிப் பார்த்தேன். அதற்குள்ளேயே பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் பொது வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். இன்று தெருவில் கடைகள் உண்டு, அந்தப் பத்துப் பேர் இல்லை.

இரண்டு வருஷம் முன்பு மாப்பிள்ளையின் தயவில் போலந்தின் கிராக்கோவ் நகரத்தைப் பார்த்தேன். விமான நிலையத்திலிருந்து ரயிலில் இருபது நிமிஷம்தான். அங்கும் பழைய யூதர் தெரு, பழைய ஆலயங்கள். அந்த ஜனங்களை ஹிட்லர் ஆட்சி துரத்தியது, கொன்றது. இங்கே யாரும் யாரையும் துரத்தவில்லை. அவர்களாகவே போனார்கள். அதுதான் என்னை உறுத்துகிறது.

இந்த ஆலயத்தின் பெயர் 'பரதேசி' ஆலயம். நம்மையும் இந்த நாட்டில் 'பரதேசி பிராமணர்' என்றே குறித்தார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்தவர்கள் அல்லவா! நம் பிள்ளைகளையும் யாரும் துரத்தவில்லை. என் இருவரையும் நானே நெடும்பாசேரி வரை சென்று ஏற்றிவிட்டேன், சந்தோஷமாகத்தான். சென்ற வருஷம் என் தகப்பனார் ச்ராத்தத்துக்கு இரண்டு பேர் கிடைக்காமல் எர்ணாகுளத்துக்குக் கார் அனுப்பினேன். அன்றைக்கு அந்தப் பத்துப் பேர் கணக்கு ஞாபகம் வந்தது.

சரி, வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். வெள்ளிக்கிழமை அரண்மனை கிடையாது. சனிக்கிழமை யூதர் ஆலயம் கிடையாது. 2025 அக்டோபர் முதல் எர்ணாகுளம் ஹைகோர்ட் துறையிலிருந்து மட்டாஞ்சேரிக்கே வாட்டர் மெட்ரோ படகு வருகிறது. முழங்கால் வலிக்காரர்களும் சுலபமாக ஏறலாம். எங்கள் வீட்டு மாடியறை காலிதான். போன் மட்டும் செய்துவிடுங்கள், இறங்கிய பிறகு அல்ல, கிளம்பும் முன்பே.