மரமா? மண்ணா?

(தேவதானப்பட்டியில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



என்னைக் காட்டைப் பற்றிப் பேசும்படி கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். காடு என்றால் நம்மவர்களுக்கு மரம்தான் ஞாபகத்திற்கு வருகிறது. மரம் நட்டால் மழை வந்துவிடும், உஷ்ணம் குறைந்துவிடும் என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். சொல்லிச் சொல்லி அதையும் ஒரு சடங்காக ஆக்கிவிட்டார்கள். ஒரு பெரிய மனிதர் வருவார், குழி முன்னதாகவே வெட்டியிருக்கும், அவர் கன்றைத் தொடுவார், படம் பிடிப்பார்கள், அத்துடன் காரியம் முடிந்துவிடும். மறு வருஷம் அந்தக் கன்று என்னவாயிற்று என்று பார்க்கிறவர் எத்தனை பேர்? நான் இன்று சொல்ல வந்ததெல்லாம், காட்டினுடைய சொத்தில் பெரும்பாகம் மரத்தில் இல்லை, அதன் காலடி மண்ணில்தான் இருக்கிறது என்பதேயாகும்.

இதை நான் சொல்லுகிறேன் என்பதற்காக நீங்கள் நம்ப வேண்டியதில்லை. மூடிய கதவைத் திறவாமலேயே, கதவுக்குப் பூசை நடக்கிற கோவில் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. மண் விஷயம் அப்படிப்பட்டதல்ல. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த எவரும் திறந்து பார்க்கலாம், யாரையும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை.

மரமும் புல்லும் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, அதிலுள்ள கரியைக் கொண்டுதான் இலையும் தண்டும் வேரும் உண்டாக்கிக் கொள்ளுகின்றன. இலை உதிர்கிறது, வேர் சாகிறது. அவற்றைக் கறையானும் மண்புழுவும் காளானும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளும் தின்கின்றன. தின்றதில் ஒரு பாகம் மறுபடியும் வாயுவாகக் காற்றிற்கே போய்விடுகிறது. மற்றொரு பாகம் களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு, பல பத்து வருஷம், சில இடங்களில் பல நூறு வருஷம்கூட அப்படியே கிடக்கிறது. காட்டு மண் கறுப்பாக இருப்பது இதனால்தான். நீலகிரிப் புல்வெளிகளிலுள்ள சதுப்பு மண்ணைத் தோண்டி ஆராய்ந்த விஞ்ஞானிகள், அதன் அடியில் 40,000 வருஷத்திற்கு முந்திய செடிகளின் மக்கு இருப்பதாக 1997இல் எழுதினார்கள். நம் புராணக்காரர்கள் யுகக் கணக்கு வாயால் சொல்லுவார்கள், இவர்கள் மண்ணைக் காட்டிச் சொன்னார்கள்.

இதை அளப்பதும் பெரிய மந்திரமல்ல. மண்ணை உலர்த்திச் சலித்து, அதில் டைகுரோமேட்டு என்னும் ஆரஞ்சு நிற உப்பின் கரைசலையும் கந்தகத் திராவகத்தையும் சேர்த்தால், மண்ணிலுள்ள கரி அந்த உப்பைச் செலவழித்துவிடும். செலவானது போக மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால் கரியின் அளவு தெரிந்துவிடும். இங்கிலாந்தில் வாக்லி, பிளாக் என்கிற இருவர் 1934இல் வெளியிட்ட முறை இது. இன்றும் நம் நாட்டு மண் பரிசோதனைச் சாலைகளில் நடப்பது பெரும்பாலும் இதுவேயாகும். டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனத்தார் 2021ஆம் வருஷத்து அறிக்கையில், இந்தியக் காடுகளிலுள்ள கரி மொத்தம் சுமார் 720 கோடி டன் என்றும், அதில் 100க்கு 56 பங்கு மண்ணிலேயே இருக்கிறதென்றும் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். மரம், வேர், சருகு எல்லாம் சேர்ந்தும் பாதிக்குக் கீழேதான். ஒரு டன் கரி வாயுவாக மாறினால் மூன்றரை டன்னுக்கு மேலான கரியமில வாயுவாகிவிடும் என்பதையும் கவனியுங்கள்.

இனி நம் தலைக்கு மேலிருக்கிற பழனி மலைக்கு வருவோம். அங்கே மேல்மலையில் ஆதியில் இருந்தது பள்ளங்களில் சோலையும், மேடுகளில் புல்வெளியுமாகும். புல்வெளியைப் பார்த்தவர்கள் சும்மா கிடக்கிற தரிசு என்று நினைத்து, தோல் பதனிடும் பட்டைக்கென்று சீகை மரத்தையும், கூழுக்கென்று தைல மரத்தையும், பைன் மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களை வைத்து ஆராய்ந்தவர்கள், 1973க்கும் 2014க்கும் இடையில் அந்த மலையின் புல்வெளியில் 100க்கு 66 பங்கும், சோலையில் 31 பங்கும் போய்விட்டதென்று 2018இல் வெளியிட்டார்கள். மரம் பெருகிற்று, காடு குறைந்தது! புல்லின் கரி வேரிலும் மண்ணிலும் இருப்பதால், மேலே தீப்பிடித்தாலும் பெரும்பாலும் கீழே தப்பிவிடும். தோப்பின் கரி மரத்தில் நிற்பதால், தீயோடோ கோடரியோடோ போய்விடும். இப்பொழுது சீகையை அகற்ற வேண்டுமென்கிறார்கள், சரிதான். ஆனால் யந்திரத்தை விட்டு வேரோடு பெயர்த்தால் மண்ணும் கிளறிப்போய், காப்பாற்ற நினைத்ததே கைவிட்டுப் போகும்.

இதில் உங்களுக்கென்ன என்று கேட்கலாம். மஞ்சளாறு அந்த மலையில் பிறந்து, தலையாற்று அருவியாக ஏறக்குறைய 975 அடி விழுந்து, உங்கள் அணைக்கு வருகிறது. மக்கு நிறைந்த மண் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு மெள்ள மெள்ள விடும். சருகு எரிந்து மொட்டையான மண்ணோ, முதல் மழையிலேயே கரைந்து வந்து அணையில் வண்டலாகப் படியும். நீங்களே சோதித்துப் பாருங்கள். ஓட்டைபோட்ட இரண்டு சட்டியில், ஒன்றில் சோலை மண்ணும் ஒன்றில் எரிந்த சரிவின் மண்ணும் போட்டு, ஒவ்வொரு செம்பு தண்ணீர் ஊற்றினால் எது பிடித்து வைக்கிறது, எது கலங்கலாக ஒழுக விடுகிறது என்று தெரிந்துவிடும்.

இப்படியிருக்க, மலைக்குத் தீ வைத்தால் மழை வரும், நல்ல புல் முளைக்கும் என்று சொல்லுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். புல் முளைப்பது ஓரளவு நிஜம், மழை வருவது பொய். 2018 மார்ச்சு 11ந் தேதி இந்த ஜில்லாவிலேயே குரங்கணி மலையில் பிடித்த தீயில் 23 பேர் மாண்டார்கள். காய்ந்த புல்லில் காற்றோடு தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அன்று உலகமே பார்த்தது.

ஆனால் தீ என்றவுடன் மாடு மேய்ப்பவனையும் பளியரையும் மாத்திரம் குற்றஞ் சொல்லுவது யோக்கியமாகாது. 1882ஆம் வருஷத்து மதராஸ் வனச் சட்டத்திலிருந்து, காடு சர்க்காருடையது, நீ அந்நியன் என்று அவர்களுக்குச் சொல்லி வந்தோம். தன்னுடையதல்லாத வீட்டிற்கு யார் காவல் இருப்பார்கள்? 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம், வழிவழியாகக் காத்து வந்த காட்டு வளத்தைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராமத்தாருக்கு உரிமை உண்டென்கிறது. காகிதத்தில் இருக்கிற அந்த உரிமையைக் கிராம சபையில் கேட்டு வாங்குங்கள். கரியைச் சேமித்ததற்குக் கம்பெனிகள் விலை கொடுக்கிற வியாபாரமும் இன்று நடக்கிறது. நம் மலைக்கு அது வந்தால், பணம் யார் கைக்குப் போகிறது, மண்ணை அளந்த கணக்கு எங்கே என்று முதல் நாளே கேளுங்கள்.

மாந்தோப்பு வைத்திருக்கிறவர்கள், கூட்டிய சருகைக் கொளுத்தாமல் மரத்தடியிலேயே மக்கவிட்டு, இரண்டு வருஷம் கழித்துப் பக்கத்துத் தோப்பு மண்ணோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. சந்தேகம் உள்ளவர்கள் இப்பொழுதே கேட்கலாம்.