சிறுவர் கையில் கொக்கி ஊசி
(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



உயர்கல்வி, உதவித்தொகை, போட்டித் தேர்வு ஆகியன பற்றி நமக்கு முன்னர்ப் பேசியவர்கள் விரிவாகச் சொல்லிவிட்டனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குக் குரோஷா ஊசியால் நூல் பின்னக் கற்றுத் தருவதே அது. மாலை வகுப்பில் இதனைச் சேர்க்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, "கையால் உழைத்து உழைத்தே தேய்ந்த குலம் நம் குலம், பிள்ளையின் கையில் புத்தகத்தைக் கொடுங்கள், ஊசியைக் கொடுக்காதீர்கள்" என்று பெரியவர் ஒருவர் சொன்னாராம். அச்சொல்லை எளிதில் தள்ளிவிட நமக்கு மனமில்லை. அதற்கு விடை சொல்லிய பின்னரே ஊசியைத் தொடவேண்டும்.

1953-ஆம் ஆண்டு சென்னை மாநிலத்தில் இராஜாஜி அவர்கள் முதலமைச்சராயிருந்தபோது வந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைப் பற்றி நம்மில் பலர் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருப்போம். கிராமப் பள்ளியில் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பாடம். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலை அறிந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. செத்த மாட்டை அகற்றும் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளை அந்த எஞ்சிய நேரத்தில் எதைக் கற்றிருக்கும்? ‘குலக்கல்வி’ என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். எதிர்ப்புப் பெருகியது, 1954-இல் இராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. பெரியவரின் அச்சம் அங்கிருந்து வருகிறது. அது நியாயமான அச்சம்.

கொக்கி ஊசிக்கும் தனி வரலாறு உண்டு. ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் நரசாபுரம் என்று ஓர் ஊர். 19-ஆம் நூற்றாண்டில் கிறித்தவ ஊழியர்கள் கொணர்ந்த லேஸ் பின்னல், அப்பகுதியில் முதலில் மாலா, மாதிகா வகுப்புகளைச் சார்ந்த ஏழைக் கிறித்தவப் பெண்களிடையே பரவியது. பிற்பாடு பிற சாதிப் பெண்களும் வீட்டுக்குள் அமர்ந்தே செய்யலாயினர். மரியா மீஸ் என்ற ஜெர்மானியச் சமூகவியலறிஞர் அவர்களிடையே ஆய்வு நடத்தி 1982-இல் நூலொன்று வெளியிட்டார். பல மணி நேரம் பின்னியும் அப்பெண்கள் பெற்ற கூலி வயல்வேலைக் கூலியினும் குறைவாயிருந்தது. அவர்கள் தொழிலாளர் என்று எண்ணப்படவே இல்லை. ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காகப் பின்னும் இல்லத்தரசிகள் என்றே கருதப்பட்டனர். அவர்கள் பின்னியதோ கடல்கடந்து விலைபோயிற்று. 2024-இல் நரசாபுரம் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சியே. குறியீடு வேறு, கூலி வேறு.

இதற்கு நேர்மாறான செய்தியும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. நாகர்கோவிலில் 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மார்த்தா மால்ட் அம்மையார் தம் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்பித்தார். அது கொக்கி ஊசி வேலையன்று. திண்டின்மேல் நூற்கழிகளை மாற்றி மாற்றிப் பின்னுவது. அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் அக்கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர் என்பது மிஷன் வரலாறு. அவர்கள் ஈட்டிய பணம் அவர்கள் கையிலேயே சேர்ந்ததால் அது நடந்தது. எனவே நம் கேள்வி ஊசியைப் பற்றியதன்று. யாருக்காகப் பின்னுகிறோம் என்பதைப் பற்றியது.

இனி, கற்பிக்கும் முறைக்கு வருவோம். முதல் வாரம் ஊசியே வேண்டாம். தடித்த கம்பளி நூலை எடுத்து, ஒரு சுருக்கு முடிச்சிட்டு, விரலாலேயே கண்ணிக்குள் கண்ணி இழுக்கச் சொல்ல வேண்டும். பூக்கட்டும் தாயின் விரலில் நூல் ஓடுவதைக் கண்ட பிள்ளைக்கு இது புதிதாகத் தோன்றாது. நூல் வெளிர்நிறமாயிருத்தல் நலம். கறுப்பு நூலில் கண்ணி எங்கே என்று நமக்கே தெரியாது. பின்னர் ஐந்தாறு மில்லிமீட்டர் தடிப்புள்ள ஊசி. லேஸ் பின்னும் மெல்லிய எஃகு ஊசியைச் சிறுவர் கையில் கொடுத்தல் ஆகாது. விரலும் நோகும், கண்ணும் நோகும். பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து செய்துகாட்ட வேண்டும். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையாயின் எதிரே அமர வேண்டும். அப்போது நம் வலக்கை கண்ணாடி பிம்பம் போல அதற்கு வழிகாட்டும். இடக்கையை அடித்து மாற்றும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் ஒழியவில்லை. இந்த வகுப்பிலேனும் அது கூடாது.

எல்லாப் பிள்ளைகளும் தொடக்கத்தில் இறுக்கியே பின்னுவர். கண்ணி இறுகினால் அடுத்த வரிசைக்கு ஊசி நுழையாது. "தளர்த்து" என்று ஆயிரம் முறை சொல்வதைவிட, நீண்ட சங்கிலி ஒன்றையே பல நாள் பின்னவிடுவது மேல். திண்ணையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அது வளரட்டும். பத்துப் பத்தாக எண்ணட்டும். கை தானாகத் தளரும்.

பிறகு வரிசை. பத்துக் கண்ணியில் தொடங்கிய துண்டு போகப்போக ஒன்பதாய், எட்டாய்க் குறுகி முக்கோணமாகிவிடும். ஓரத்துக் கண்ணியைப் பிள்ளை தவறவிடுவதே காரணம். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணச் சொன்னால் எங்கே விட்டோம் என்று தானே தேடும். நூலை இழுத்தால் பின்னியது அவிழும், நூல் அப்படியே கைக்கு வரும், மீண்டும் பின்னலாம். ஆசிரியப் பணியில் நாம் கண்டது ஒன்று. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகளில் பலர், தப்பாகிவிடுமோ என்று அஞ்சியே வாய் திறப்பதில்லை. கரும்பலகைக்கு அழைத்தால் கைநடுங்குகிறது. தவறு செய்தால் அடியோ ஏளனமோ கிடைக்கும் என்று யாரோ எப்போதோ அதற்குக் கற்பித்துவிட்டார்கள். இங்கே தவறு வெறும் எண்ணிக்கை. அவிழ்த்து, எண்ணி, மறுபடி பின்னினால் தீர்ந்தது.

வட்டம் பின்னும்போது கணக்கு இன்னும் இனிக்கும். நடுவில் ஆறு கண்ணி. அடுத்த சுற்றில் பன்னிரண்டு. பின் பதினெட்டு, இருபத்து நான்கு. சுற்றுக்கு ஆறு கூட்டினால் தட்டையாய் அமையும். கூட்டாவிட்டால் கிண்ணமாய்க் குவியும். மிகுதியாய்க் கூட்டினால் கோழிக்கொண்டைப் பூவைப் போல ஓரம் சுருண்டு மடியும். இவ்வாறு சுருளும் பரப்புக்கு உயர் வடிவியலில் தனி இடமுண்டு. அதை மாணவர் தொட்டறியும்படி 1997-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித அறிஞர் குரோஷா ஊசியாலேயே பின்னிக் காட்டினார். கைவேலை தாழ்ந்தது, கணக்கு உயர்ந்தது என்று பிரித்தவர்களுக்கு அப்பின்னல் என்ன விடை சொல்கிறது என்பதைப் பெரியவருக்கும் தெரிவிக்க விரும்புகிறோம்.

"ஆண்பிள்ளைக்கு எதற்கு?" என்று தாய்மார்கள் கேட்கிறீர்கள். வலை பின்னுவோர் யார்? கடைவீதியில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்போர் யார்? பெண்பிள்ளைகளை மட்டும் உட்காரவைத்தால் அந்த வகுப்பை நடத்தாமலே இருக்கலாம்.

இளைஞர்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குரோஷாப் பின்னலை உள்ளவாறே செய்யும் இயந்திரம் இன்றளவும் சந்தைக்கு வரவில்லை. கையாலேயே பின்னியாக வேண்டும். மலிவான கைகளைத் தேடி வணிகர் வருவதும் அதனாலேயே. நம் பிள்ளைகள் நன்றாய்ப் பின்னத் தொடங்கினால், "வீட்டிலிருந்தபடியே செய்யட்டும், உருப்படிக்கு இவ்வளவு" என்று ஒருவர் நூல்கண்டுடன் நம் தெருவுக்கும் வரக்கூடும். 2016-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று தடுத்தது. ஆயினும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று ஒரு வாயிலைத் திறந்தே வைத்தது. மூன்று மணி நேரப் பள்ளியை எதிர்த்து வென்ற நம்மவர்கள், அவ்வாயிலின் வழியே அது திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாகாது. பெரியவர்கள் பின்னி விற்பதாயின் கூட்டுறவாகச் சேர்ந்து, நேரத்தைக் கணக்கிட்டு விலை சொல்லட்டும். பிள்ளை பின்னியது பிள்ளைக்கே உரியது. தங்கைக்குக் குல்லாவோ, பென்சில் வைக்கும் பையோ, அது விரும்புவதாக இருக்கட்டும்.

வாரம் இரண்டு நாள், நாளுக்கு அரைமணி நேரம் போதும். எழுத்து வேலை முடிந்த பின்னரே ஊசி எடுக்க வேண்டும். தொடக்கத்துக்குப் பத்து ஊசிகளும் கம்பளி நூலும் வாங்கிக் கொடுத்துவிட்டோம், செயலாளரிடம் இருக்கின்றன. பின்னத் தெரிந்த சகோதரிகள் இருவர் முன்வந்தால் வரும் மாதமே தொடங்கலாம். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.