காஜாங் நெரிசலும் கராக் ஏற்றமும்



காலை ஏழரை மணி. காஜாங், ஜாலான் ரெக்கோ. வாகனங்கள் நகர்வதாகப் பெயர்தான், நத்தை முந்திவிடும். வரிசையில் நிற்கும் பழைய டீசல் பிக்கப் ஒன்றில் சூடு காட்டும் முள் மெல்ல மேலே ஏறுகிறது. ஓட்டுநர் ஏர்கோனை அடைக்கிறார், கண்ணாடியை இறக்குகிறார், வியர்வையைத் துடைத்துக்கொள்கிறார். சில்க் நெடுஞ்சாலையில் ஏறி நாலு நிமிடம் ஓட்டினால் போதும், முள் தானாக இறங்கிவிடும். அடுத்த சாலை விளக்கில் நின்றால் மறுபடியும் ஏறும்.

இப்படிப்பட்ட வண்டிகள் பட்டறைக்கு வரும்போது ஒரு கேள்வியும் கூடவே வரும்: "அண்ணே, இந்த ஃபேனைக் கழற்றிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் போட்டுடலாமா?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. டீசலில் இருக்கும் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. பெரும்பகுதி சூடாகவே வெளியேறுகிறது. அதில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியாக, இன்னொரு பங்கு ரேடியேட்டர் தண்ணீர் வழியாக. அந்தத் தண்ணீரைக் குளிர வைக்கக் காற்று வேண்டும். வண்டி வேகமாகப் போனால் எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும்தான் விசிறி கட்டாயம் தேவை. ஆனால் இந்தப் பிக்கப்பில் இருப்பதுபோல் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் விசிறி, எஞ்சின் மெதுவாக ஓடினால் தானும் மெதுவாகத்தான் சுற்றும். நெரிசலில் காற்றுக்கு ஏங்கும் நேரத்தில் சோம்பிக் கிடக்கும். நெடுஞ்சாலையில் யாரும் கேட்காதபோது வேகம் எடுக்கும்.

அந்த வீண் வேகம் சும்மா வருவதுமில்லை. விசிறியின் வேகம் இரண்டு மடங்கானால், அதைச் சுற்றத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகிறது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியபோது, பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு சொட்டும் கணக்காகிப் போனது. எஞ்சின் எதற்கு இந்த விசிறியைச் சுமக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பதில் வியப்பில்லை.

கார்களில் இந்த மாற்றம் எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. 1959இல் வந்த பிரிட்டிஷ் மினி காரில் எஞ்சினைக் குறுக்காக வைத்தார்கள். விசிறி எஞ்சினோடு சுற்ற வேண்டும் என்பதற்காக ரேடியேட்டரையும் பக்கவாட்டில் திருப்பி வைக்க வேண்டியதாயிற்று. பிறகு வந்த குறுக்கு எஞ்சின் கார்கள் மின்விசிறியை நம்பி, ரேடியேட்டரை மறுபடியும் முன்னால் கொண்டு வந்தன. 1985 ஜூலையில் வெளிவந்த புரோட்டோன் சாகாவும் அந்த வகைதான். ஹைலக்ஸ், டிமேக்ஸ் போன்ற பிக்கப்களில் எஞ்சின் நீளவாக்கில் நிற்கிறது. நேர் எதிரே ரேடியேட்டர். விசிறியை எஞ்சினே சுற்றிவிடலாம் என்பதால் பழைய முறை அங்கே தங்கிவிட்டது.

தங்கியது என்றாலும் முழு முட்டாளாகத் தங்கவில்லை. விசிறியின் நடுவில் ஒரு வட்டமான அலுமினியப் பெட்டி தெரியும். அதுதான் விஸ்கஸ் கிளட்ச். உள்ளே கெட்டியான சிலிகோன் எண்ணெய். முன்பக்கம் கடிகார ஸ்பிரிங் போல ஒரு உலோகச் சுருள். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் சுருள் விரிந்து எண்ணெய்க்கு வழிவிடும், விசிறி எஞ்சினோடு இறுகும். காற்று குளிர்ந்தால் பிடி தளரும். ஆகவே கிளட்ச் நல்ல நிலையில் இருக்கும் வண்டியில், மின்விசிறிக்கு மாறுவதால் டீசல் மிச்சம் எதிர்பார்க்கும் அளவுக்கு வராது.

சரி, மாற்றுவதென்றே முடிவானால் வேலை எப்படிப் போகும்? பழைய விசிறியும் கிளட்சும் கழன்று வரும். பழைய உதிரிபாகங்கள் விற்கும் ஹாஃப் கட் கடையில் வாங்கிய ஜப்பானிய காரின் இரட்டை விசிறி, அதன் பிளாஸ்டிக் கூண்டோடு ரேடியேட்டரின் முதுகில் உட்காரும். இந்தக் கூண்டை விட்டுவிட்டு விசிறியை மட்டும் கட்டினால், காற்று இறக்கைக்கு நேரே உள்ள வட்டத்தில் மட்டும் போகும். ரேடியேட்டரின் மூலைகள் சும்மா கிடக்கும். தண்ணீர் 95 பாகை அளவைத் தொட்டதும் சுவிட்ச் ரிலேக்குச் சொல்லும், ரிலே விசிறியை ஓடவிடும். சின்ன வயர் போட்டால் பியூஸ் போவதற்கு முன்பே வயர் உருகும். பாசிட்டிவ், நெகட்டிவ் மாறிப்போனால் விசிறி சுற்றத்தான் செய்யும். ஆனால் காற்றை முன்பக்கமாகத் தள்ளி, எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டும். ஒரு காகிதத்தை முன் கிரில்லில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஒட்டிக்கொண்டால் சரி, பறந்தால் தப்பு.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி பிறகுதான் தலைகாட்டும். ராத்திரி, மழை, செராஸ் – காஜாங் நெடுஞ்சாலையில் ஜாம். இரண்டு விசிறியும் சேர்ந்து 40 ஆம்பியர். முன்விளக்குகள் 10. ஏர்கோன் காற்றுப் பெட்டி முழு வேகத்தில் 20. வைப்பர் 5. கூட்டினால் 75. பிக்கப்பின் ஆல்டர்னேட்டர் 80 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும், எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது அதில் பாதி வந்தாலே அதிகம். மீதியைப் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். முன்பு ஜாமில் சூடு ஏறிய வண்டி, இப்போது ஜாமில் பேட்டரி இறங்கி நிற்கும்.

பெரிய லாரி என்றால் கணக்கு இன்னும் கறாரானது. கனரக இழுவை லாரியின் விசிறி முழு வேகத்தில் 30 குதிரைச் சக்திக்கும் மேல் விழுங்கும். 30 குதிரை என்பது ஏறக்குறைய 22,000 வாட். லாரியின் 24 வோல்ட்டில் அதைக் கொடுக்க 900 ஆம்பியருக்கு மேல் வேண்டும். சாதாரண லாரி ஆல்டர்னேட்டர் தருவது நூறு, நூற்றைம்பது. அமெரிக்க நகரப் பேருந்துகள் சிலவற்றில் பல சிறிய மின்விசிறிகளை வரிசையாக அடுக்கி, அவற்றுக்கென்றே பெரிய ஆல்டர்னேட்டரும் வைத்திருக்கிறார்கள். நெரிசலில் நின்று நின்று போகும் பேருந்துக்கு அது பொருந்துகிறது.

செமினி பக்கம் கல் ஏற்றிக்கொண்டு வரும் லாரிக்கோ, கோம்பாக்கிலிருந்து கெந்திங் செம்பா வரை கராக் நெடுஞ்சாலையில் ஏறும் லாரிக்கோ அது பொருந்தாது. அங்கே வண்டி ஊர்கிறது, எதிர்க்காற்று இல்லை, ஆனால் எஞ்சின் முழு மூச்சில் உறுமுகிறது. சூடு உச்சத்தில் இருக்கும் அந்த நேரத்தில் எஞ்சினோடு பிணைந்த விசிறியும் உச்சத்தில் சுற்றும். ஜாலான் ரெக்கோவில் காலை வாரிய விசிறி, கராக் ஏற்றத்தில் கைகொடுக்கிறது. அதனால்தான் ஸ்கேனியா, வால்வோ லாரிகளும் விசிறியை எஞ்சினிலேயே வைத்து, கிளட்சை மட்டும் கணினியின் கையில் கொடுத்திருக்கின்றன.

அப்படியென்றால் அந்தக் காஜாங் பிக்கப்புக்கு என்ன வழி? விவரம் தெரிந்த மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுப்பதில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் விசிறி சில விநாடிகள் இரைந்துவிட்டு அடங்குகிறதா என்று கேட்பார். வண்டியை நன்றாகச் சூடேற்றி, எஞ்சினை அணைத்துவிட்டு, இறக்கையைக் கையால் சுண்டிப் பார்ப்பார். கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் கிளட்ச் உயிரோடு இருக்கிறது. தங்குதடை இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் சிலிகோன் எண்ணெய் கசிந்துவிட்டது. கிளட்சை மாற்றினால் போதும். முன்பு யாராவது தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டார்களா, கூலண்ட்டுக்குப் பதில் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி உள்ளே துருப்பிடிக்க வைத்தார்களா என்றும் பார்ப்பார்.

பிறகு எஞ்சின் ஆறியதும் தண்ணீர்க் குழாயை எடுத்து, எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கம் நோக்கி ரேடியேட்டரில் மெதுவாகப் பாய்ச்சுவார். ஏர்கோன் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே விரல் நுழையாத ஓர் இடுக்கு இருக்கிறது. அங்கிருந்து செம்மண் கரைந்து வரும், செத்த பூச்சிகள் வரும், காய்ந்த இலை வரும், சில சமயம் பாதி கிழிந்த பிளாஸ்டிக் பையும் வரும்.