இழுப்பது பெரிதன்று

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இந்த மேடையில் ஆண்டுதோறும் அறிஞர் பெருமக்கள் நின்று இலக்கியச் சுவை பொழிவது வழக்கம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேயில் குமாஸ்தாவாகப் பேரேடு எழுதிக் காலந்தள்ளும் எம்மை இங்கே நிறுத்தியவர்கள் நம் சங்கத்து இளைஞர்கள். பொருளையும் அவர்களே குறித்துக் கொடுத்தார்கள். அது இலக்கியமன்று, ஒரு வண்டி.

செய்தி இதுதான். உறுப்பினர் ஒருவரிடம் எட்டுப் பேர் அமரத்தக்க வேன் இருக்கிறது. அதன் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லக்கூடிய இலேசான பயண டிரெய்லர் ஒன்றைச் சங்கத்தின் பொறுப்பில் வாங்கலாம் என்கிறார்கள். படுக்கையும், சிறு சமையல் மேடையும், தண்ணீர்த் தொட்டியும் கொண்ட சக்கர வீடு அது. கோடை விடுமுறையில் மாதுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் தாராவியிலிருந்தும் குடும்பங்கள் முறைவைத்து அதனை எடுத்துக்கொண்டு நெல்லைச் சீமை வரை சென்று வரலாம் என்பது திட்டம். வருகிற தை மாதத்துப் பொதுக்குழு இதனை முடிவு செய்யும். அதற்குமுன் எமது கருத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

ஆசையை யாம் குறை கூறமாட்டோம். நாகர்கோவில் விரைவு வண்டிக்கு மே மாதத்தில் இடம் பிடிக்க நாம் படும் பாடு ஊரறிந்தது. வண்டிக்குள் சமைத்து வண்டிக்குள் உறங்கிப் பயணம் போகும் ஆசையும் புதியதன்று. 1885-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர், இன்பப் பயணத்திற்கென்றே ஒரு வீட்டு வண்டியைச் செய்வித்து, குதிரைகளைப் பூட்டி நாடு சுற்றினார். அதனைச் செய்து கொடுத்தது இரயில் பெட்டிகள் கட்டும் பிரிஸ்டல் நகரத்துத் தொழிற்சாலை என்பது எம்மைப் போன்ற இரயில்வேக்காரர்கள் பெருமைப்படத் தக்க செய்தியாகும். பின்னர்க் குதிரை போய் மோட்டார் வந்தது. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனத்தார் 1984-ஆம் ஆண்டு மாதிரியாகக் குடும்ப வேனைக் கொண்டுவந்தபோது, அவற்றுள் ஒன்றுக்குக் காரவன் என்றே பெயர் சூட்டினார்கள். நம் மராட்டிய மாநில அரசும் 2021-ஆம் ஆண்டில் காரவன் சுற்றுலாவுக்கெனக் கொள்கை வகுத்தது. ஆகவே இளைஞர்கள் காலத்திற்கு ஒவ்வாத ஒன்றைக் கேட்கவில்லை.

ஆயினும் அவர்கள் எம்மிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "ஐயா, வேன் இழுக்குமா?" இக்கேள்வியில்தான் பிழை இருக்கிறது என்பதைச் சொல்லவே இங்கு வந்துள்ளோம்.

ஊருக்குப் போகும் வழியில் கர்ஜத் நிலையத்தில் வண்டி நின்றதும் நாம் வடா பாவ் வாங்க இறங்குகிறோம். அப்பொழுது வண்டியின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் நடப்பதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அங்கே துணை எஞ்சின்கள் வந்து பூட்டப்படுகின்றன. கர்ஜத்திலிருந்து லோனாவாலா வரை 28 கிலோமீட்டர். 1863-இல் இருப்புப்பாதை திறக்கப்பட்ட போர் காட் மலைவழி அது. 37 அடி நடந்தால் ஓர் அடி உயரும் ஏற்றம். முன் எஞ்சின் இழுக்க, பின் எஞ்சின்கள் தள்ளுகின்றன. எல்லா எஞ்சின்களையும் முன்னாலேயே பூட்டினால் ஆகாதா என்று கேட்கலாம். அவ்வாறு செய்தால் முழுப் பாரமும் முன் கொக்கிகளைத் தாக்கும். ஒரு கொக்கி அறுந்தால் பின்பெட்டிகள் பள்ளம் நோக்கி ஓடும். பின்னாலுள்ள எஞ்சின் தள்ளவும் செய்கிறது, தாங்கவும் செய்கிறது.

இறக்கத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. அதே சரிவில் 1000 டன் வண்டி இறங்கும்போது, சுமார் 27 டன் பாரம் அதனை ஓயாமல் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். அதற்காகவே பிரேக்குகளைச் சோதித்த பின்னரே இறங்குகிறார்கள். கட்டுமீறி வரும் வண்டியைத் திருப்பி ஏற்றத்தில் ஓடவிட்டு நிறுத்துவதற்குத் தனித் தண்டவாளங்களும் அமைத்திருக்கிறார்கள். இழுப்பதற்கு எஞ்சின் ஒன்று போதலாம். நிறுத்துவதற்கோ வண்டி முழுவதும் ஒத்துழைக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் பிரேக் இருப்பது அதனாலன்றோ?

இதனையெல்லாம் அறிந்திருந்தும் யாமே ஒருமுறை தவறினோம். அதனை மறைப்பதில் பயனில்லை.

2016-ஆம் ஆண்டு வைகாசி மாதம். எமது மைத்துனர் பூனாவிலிருந்து செம்பூருக்குக் குடி பெயர்ந்தார். அவரிடம் வேன் இருந்தது. நண்பர் ஒருவரிடம் பந்தல் சாமான் ஏற்றும் இரண்டு சக்கர டிரெய்லரை இரவல் வாங்கினோம். அதற்குத் தனிப் பிரேக் கிடையாது. ஏற்றும் பொறுப்பை யாமே ஏற்றுக்கொண்டோம். மெத்தை, தலையணை, துணிமூட்டைகளை முன்னால் அடுக்கினோம். வீடு சேர்ந்ததும் முதலில் இறக்க வேண்டியவை என்று கருதி, மாவரைக்கும் கிரைண்டரையும் இரும்புப் பீரோவையும் கடைசியில், பின்கதவின் ஓரமாக வைத்தோம். எடை பார்க்கவில்லை. இருபதாண்டுக் காலம் பிறர் மூட்டைகளின் எடையைப் பேரேட்டில் எழுதிய கை, தன் மூட்டையின் எடையை எழுதவில்லை.

கண்டாலாவைக் கடந்து கோப்போலி நோக்கிப் பழைய சாலையில் இறங்குகையில் டிரெய்லர் மெல்ல வாலாட்டத் தொடங்கிற்று. இடம், வலம், இடம், வலம் என ஒவ்வொரு வீச்சும் முன்னதைவிட அகன்றது. மைத்துனர் அஞ்சிப் பிரேக்கை ஓங்கி மிதித்தார். வேன் தயங்கிற்று, டிரெய்லர் தயங்கவில்லை. அது வேனின் முதுகைத் தள்ளிக் குறுக்கே மடங்கியது. மலைப்பக்கத்துச் சுவரில் மோதி நின்றோம். மறுபக்கம் மடங்கியிருந்தால் இன்று இங்கே நின்று பேசும் வாய்ப்பு எமக்கு இருந்திராது. வேனில் அமர்ந்திருந்த எம் அன்னையாருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. மருத்துவமனையில் கட்டுப் போடும்போது அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஏலே, ஊரார் மூட்டைக்கெல்லாம் எடை போடுதியே, நம்ம மூட்டைக்குப் போடலையா?" வாசலில் இழை பிசகாமல் கோலமிட்ட அந்தக் கை அதன்பின் பழைய நிலைக்கு வரவேயில்லை.

தவறு எங்கே? நம் ஊர் மாட்டுவண்டிக்காரனைக் கேட்டிருந்தால் நொடியில் சொல்லியிருப்பான். முன்பாரம், பின்பாரம் என்னும் இரு சொற்களை அவன் நன்கறிவான். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலே எழும்பும்; நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டுத் தூக்கும். முன்பாரம் மிகுந்தால் மாடு தலை கவிழும். அளவான முன்பாரமே வண்டியை நேராக நடத்தும். மேனாட்டார் இதனையே விழுக்காட்டுக் கணக்கில் சொல்கிறார்கள். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மேல் அமர வேண்டும் என்பது அமெரிக்க வழக்கு. ஆகவே கனமான பொருள்களை அச்சின் மேலும் அதற்குச் சற்று முன்னும் தாழ்வாக வைத்து, இலேசானவற்றைப் பின்னால் வைக்க வேண்டும். யாம் செய்தது இதற்கு நேர் மாறு.

அடுத்தது எடை. மயிற்பீலி ஏற்றிய வண்டிக்கும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் எச்சரித்தார். இலேசான டிரெய்லர் என்னும் சொல்லும் அத்தகைய மயிற்பீலியே. வெறும் டிரெய்லர் 600 கிலோ என்று கொள்வோம். தொட்டியில் 60 லிட்டர் தண்ணீர் என்றால் 60 கிலோ. அடுப்பு, சிலிண்டர், பாத்திரம், படுக்கை, ஊருக்குக் கொண்டுபோகும் பண்டங்கள் எல்லாம் சேர்ந்தால் 800 கிலோவைத் தொட்டுவிடும். அதில் பத்தில் ஒன்று, 80 கிலோ, வேனின் கொக்கியில் அமர்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத ஒரு பயணி. வேன் சுமக்கத்தக்க பாரம் 550 கிலோ என்றால், ஏழு பேருக்கு 420, பெட்டிகளுக்கு 60, இப்பயணிக்கு 80, ஆக 560. அளவு அப்பொழுதே மிஞ்சிவிட்டது! முன்சக்கரங்களால் ஓடும் வேனாயின் இன்னொரு தொல்லையும் உண்டு. பின்னால் பாரம் அழுத்த அழுத்த, முன்சக்கரங்களின் பிடி தளரும்.

அமெரிக்கக் குடும்ப வேன்கள் பலவற்றுக்கு, அதற்கென்ற சாதனங்களைப் பொருத்தினால், 1600 கிலோ அளவுக்கு இழுக்கலாம் என அந்நாட்டு நிறுவனங்கள் வரம்பு கூறுகின்றன. அந்த எண்ணைப் படித்துவிட்டு நம் வேனும் இழுக்கும் என்று கருதுதல் பேதைமை. நம் வேனின் கையேட்டில் இழுக்கும் எடை குறிக்கப்பட்டிருந்தால் அதுவே எல்லை. குறிக்கப்படவில்லையாயின் இழுக்கலாகாது என்பதே எமது கருத்து. இங்கிலாந்தில் புதிதாக இழுப்போருக்கு ஒரு விதி சொல்வார்கள்: பாரமேற்றிய டிரெய்லரின் எடை, இழுக்கும் வண்டியின் எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டலாகாது. மலைவழிகள் நிறைந்த நம் பாதைக்கு அதனினும் குறைவாக வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

மூன்றாவது பிரேக்கும் கொக்கியும். இரயிலின் காற்றுப் பிரேக்கில் ஓர் அருமை உண்டு. குழாயில் காற்றழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும். வண்டி இடையில் அறுந்தால் காற்று வெளியேறும், இரு துண்டுகளிலும் பிரேக் தானே விழும். டிரெய்லர் வாங்குவதாயின், தனிப் பிரேக்கும், கொக்கி கழன்றால் அதனைத் தானே இயக்கும் அமைப்பும் உடையதாகவே வாங்க வேண்டும். முன்தண்டின் அடியில் இரண்டு சங்கிலிகளைக் குறுக்காகப் பூட்டினால், கொக்கி விட்டாலும் தண்டு தரையில் குத்தாமல் ஏந்திக்கொள்ளும்.

சட்டமும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்னும் சொல்லுக்குள் டிரெய்லரும் அடங்கும். அதற்கும் பதிவு வேண்டும். இழுக்கும் வண்டியின் பதிவெண் கடைசி டிரெய்லரின் மேலும் இருக்க வேண்டும். இரயிலின் கடைசிப் பெட்டியில் எல்.வி. என்று எழுதிய பலகை தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். வண்டி முழுமையாகப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அதுவே சான்று. பின்னால் வருவது நம்முடையதே என்னும் பொறுப்பு இரண்டுக்கும் பொது.

இத்தனைக்கும் பின்னர் டிரெய்லர் வாலாட்டினால் செய்ய வேண்டியது யாது? வேகம் கொடுக்கும் காலை எடுத்துவிடுக; திருப்பு சக்கரத்தை நேராகப் பிடித்துக்கொள்க; எதிர்த்துத் திருப்பாதிருக்க; வேனின் பிரேக்கை ஓங்கி மிதியாதிருக்க. டிரெய்லருக்கெனக் கைப்பிடிப் பிரேக் இருந்தால் அதனை மட்டும் மெல்லப் பயன்படுத்துக. இறக்கம் தொடங்குமுன்பே கீழ்க் கியருக்கு வந்துவிடுக. வேகம் இரட்டித்தால் நிறுத்துவதற்கான உழைப்பு நான்கு மடங்காகும் என்பதை மறவாதிருக்க.

அன்பர்களே! டிரெய்லர் வேண்டா என்று யாம் சொல்லவில்லை. பொதுக்குழுவின் முன் யாம் வைப்பது மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, வாங்குமுன் வேனின் கையேட்டைப் படித்து, ஆட்களோடும் பெட்டிகளோடும் வேனை எடைமேடையில் நிறுத்தி எடை காண்க. இரண்டு, வாங்கினால் திறந்த மைதானத்தில் ஓட்டியும் பின்னோக்கிச் செலுத்தியும் பழகியவர் கையில் மட்டுமே அதனைக் கொடுக்க. மூன்று, ஒவ்வொரு பயணத்திற்கும் ஏற்றிய டிரெய்லரின் எடையையும் கொக்கியின் எடையையும் எழுத ஒரு பேரேடு வைக்க. அப்பேரேட்டை ஊதியமின்றி எழுத யாம் அணியமாயிருக்கிறோம். எடை எழுதாமல் ஒரு சக்கரமும் நம் வாசலை விட்டு நகரலாகாது.

அதுவரை நாகர்கோவில் வண்டி இருக்கிறது. கர்ஜத்தில் இறங்கும்போது, வடா பாவ் வாங்கிய கையோடு, பின்னால் நிற்கும் எஞ்சின்களையும் ஒருமுறை பார்த்து வருக. இழுப்பது பெரிதன்று, ஏற்றத்தில் தாங்குவதும் இறக்கத்தில் அடங்குவதுமே பெரிது என்பதை எம்மினும் நன்றாக அவை எடுத்துரைக்கும்.