தட்டணு எண்ணிக்கையும் மூளை ரத்தக்கசிவும்: தெரிந்துகொள்ள வேண்டியவை

(திருச்சி தில்லை நகரில் குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தில்லை நகர் மக்களுக்கு ஆஸ்பத்திரியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சாஸ்திரி ரோட்டில் இறங்கி எந்தக் கிராஸில் திரும்பினாலும் ஒரு கிளினிக், ஒரு லேப், ஒரு மருந்துக்கடை. பக்கத்திலேயே புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. ஆனாலும் மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதும், குடும்பத்தார் பலர் முதலில் கேட்பது இதுதான்: "பிளேட்லெட் எவ்வளவு சார் இருக்கு? குறைஞ்சிருந்தா ஏத்திடலாமே?"

டெங்கு காய்ச்சல் நமக்குக் கற்றுக்கொடுத்த கேள்வி அது. தப்பான கேள்வி இல்லை. ஆனால் மூளைக்குள் ரத்தம் கசியும்போது விஷயம் கொஞ்சம் வேறு.

தட்டணு என்பது ரத்தத்தில் மிதக்கிற மிகச் சிறிய துணுக்கு. குழாயில் எங்கே கிழிசல் விழுந்தாலும் அங்கே ஓடிப்போய் ஒட்டி, அடைப்பு போடுவது அதன் வேலை. ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நான்கரை லட்சம் வரை இருப்பது இயல்பு. ஒவ்வொன்றின் ஆயுளும் சுமார் 7 முதல் 10 நாள்.

இப்போது உங்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை போனில் எடுத்துப் பாருங்கள். எண்ணிக்கைக்குக் கீழே எம்.பி.வி., பி.டி.டபிள்யூ. என்று இரண்டு வரி இருக்கும். முதலாவது தட்டணுவின் சராசரி அளவு. இரண்டாவது, அளவில் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபாடு என்பது. பெரிய தட்டணு பொதுவாக இளசு, சுறுசுறுப்பு அதிகம். இந்த எண்களை வைத்து, மூளையில் கசிவு பெரிதாகுமா, நோயாளி எப்படித் தேறுவார் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என உலகின் பல இடங்களில் ஆராய்ந்து வருகிறார்கள். முடிவுகள் இன்னும் ஒரே மாதிரி வரவில்லை. ரத்தம் எடுத்த குழாய் நேரம் கழித்துப் பரிசோதிக்கப்பட்டாலே எம்.பி.வி. கூடிவிடும். ஆகவே அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் தட்டணு வேலை செய்யாமல் போகலாம். இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் நம் வீடுகளில் நிறைய. ஆஸ்பிரின் பட்ட தட்டணு அதன் ஆயுள் முடியும் வரை பழைய வேகத்துக்குத் திரும்பாது. ரிப்போர்ட்டில் இரண்டரை லட்சம் என்றிருக்கும். அடைப்பு போடும் வேலையோ மந்தமாக நடக்கும்.

"அப்படின்னா புதுசா ஏத்தினா சரியாயிடுமே?" என்று தோன்றும். டாக்டர்களுக்கும் தோன்றியது. நெதர்லாந்து, பிரிட்டன், பிரான்ஸ் நாடுகளில் இத்தகைய மாத்திரை சாப்பிட்டு வந்த, மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்ட 190 பேரிடம் சோதித்தார்கள். 2016-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. தட்டணு ஏற்றியவர்களிடம்தான் இறப்பும், பிறரைச் சார்ந்து வாழும் நிலையும் அதிகமாக இருந்தன. எண்ணிக்கை மிகவும் குறைந்தவர்களுக்கும், அவசர மூளை அறுவை செய்ய வேண்டியவர்களுக்கும் தேவை வேறு. அதை டாக்டர் முடிவு செய்வார். "ஏத்துங்க, ஏத்துங்க" என்று நாம் வற்புறுத்தக் கூடாது.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தூக்க முடியாமல் போனாலோ, பேச்சு குழறினாலோ, "பக்கவாதம், ஒரு ஆஸ்பிரின் குடு" என்று வீட்டிலேயே கொடுத்துவிடுவது. அடைப்பா, கசிவா என்பது வெளியே பார்த்துத் தெரியாது, சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவாக இருந்தால் அந்த மாத்திரை எதிரியாகிவிடும். வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், புரையேறும். திடீரென்று தாங்க முடியாத தலைவலியோடு வாந்தி வந்தாலும் தாமதிக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். தெருமுனைக் கிளினிக்கில் காத்திருக்காமல், சி.டி. ஸ்கேன் இருக்கிற மருத்துவமனைக்கே போங்கள்.

கையில் இருக்கும் போனில் இன்றிரவே நான்கு காரியம் செய்துவிடுங்கள்:

1. வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை அட்டைகளைப் படம் எடுத்து வையுங்கள். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இருந்தால் தனியாகக் குறியுங்கள்.

2. கடைசி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைத் தேதி தெரியும்படி படமாக வையுங்கள். பழைய எண் இருந்தால்தான் புதியதை ஒப்பிட முடியும்.

3. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதன் படமும் இருக்கட்டும். சந்தேகத்துக்கு 104-ல் கேட்கலாம்.

4. லாக் ஆகியிருந்தாலும் தெரியும்படி அவசரத் தொடர்பு எண்ணைப் பதியுங்கள்.

மூளைக்குள் தானாக ஏற்படும் ரத்தக்கசிவுக்கு முதல் காரணம் கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை தருகிறார்கள். "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிடாதீர்கள். அதேபோல, இந்த உரையைக் கேட்டுவிட்டு ஆஸ்பிரினையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்; இதயம் அதை நம்பி இருக்கலாம். டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். தானமாகக் கிடைக்கும் தட்டணுவைப் பொதுவாக 5 நாள்தான் வைத்திருக்க முடியும். உண்மையில் தேவைப்படும் நோயாளிக்கு அது கிடைக்க வேண்டும் என்றால், 18 வயது நிறைந்த, உடல்நலம் உள்ளவர்கள் தொடர்ந்து ரத்ததானம் செய்ய வேண்டும். அருகிலுள்ள ரத்த வங்கிகளின் இருப்பை இ-ரக்த்கோஷ் இணையதளத்தில் பார்க்கலாம்.