தூள் பழகியவனும் நம் லயத்துப் பிள்ளைதான்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம் பேசுகிற மேடையில் இன்று நாம் தூளைப் பற்றிப் பேசுகிறோம். இது சங்கத்து வேலையா என்று சிலர் கேட்கிறார்கள். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன பிள்ளை தூள் பழக்கத்தோடு திரும்பி, வேலைக்கு இறங்காமல் பேர் வெட்டப்படும்போது சங்கத்திடம்தானே வருகிறீர்கள்? அப்படியானால் இதுவும் சங்கத்து வேலைதான்.

ஹெரோயின் பழகியவனுக்கு அது கிடைக்காமல் எட்டு, பன்னிரண்டு மணி நேரம் போனாலே மூக்கு ஒழுகும், எலும்பெல்லாம் வலிக்கும், வயிறு போகும், தூக்கம் வராது. இரண்டாம், மூன்றாம் நாள் மிக மோசம். லயத்தில் நாம் அதை நடிப்பு என்கிறோம். சிலர் கோடாங்கியைக் கூப்பிடுகிறார்கள். அது நடிப்பும் இல்லை, பேயும் இல்லை. உடம்பு ஒரு வாரத்தில் ஓரளவு தேறும். மனசு தேற மாதக்கணக்காகும். "நான் எதற்கும் உதவாதவன்" என்று அந்தப் பிள்ளை சொன்னால் தனியாக விடாதீர்கள். களைநாசினிப் போத்தலை வீட்டில் வைக்காதீர்கள்.

எச்.ஐ.வி. இதில் எங்கே வருகிறது? தூளிலிருந்து வருவதில்லை. நோயுள்ள ஒருவர் குத்திய ஊசியை இன்னொருவர் குத்தினால் வரும். நம் நாட்டில் பெரும்பாலானோர் தூளைப் புகையாகத்தான் இழுக்கிறார்கள். அதனால் பயமில்லை என்று இருந்துவிட முடியாது. தூளுக்குக் காசு வேண்டும். அந்தக் காசுக்காக உடம்பைக் கொடுப்பவர்களில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. செத்தால் என்ன என்று சோர்ந்துபோன மனசு ஆணுறை இருக்கிறதா, ஊசி புதிதா என்று பார்க்குமா? மனநோயும் எச்.ஐ.வி.யும் சந்திக்கிற இடம் அதுதான். ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதாலோ ஒரே பீலியில் குளிப்பதாலோ இது தொற்றாது.

அரசாங்கப் பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் இரத்தப் பரிசோதனை இலவசம். விஷயம் வெளியே போகாது. அண்மையில் தொற்றியது உடனே தெரியாமல் போகலாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஊசி மாறியது நேற்று என்றால் 72 மணி நேரத்துக்குள் போய்த் தடுப்பு மருந்து கேளுங்கள். நோய் இருந்தாலும் மருந்து இலவசம். ஒழுங்காகக் குடிப்பவர் மலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார அமைப்பு இலங்கைக்குச் சான்று கொடுத்ததே!

இன்னொன்று. மறியலிலிருந்தோ மறுவாழ்வு நிலையத்திலிருந்தோ வந்த பிள்ளை பழைய அளவைத் திரும்ப எடுத்தால் மூச்சு நின்றுவிடும். உடம்பு அந்தப் பழக்கத்தை இழந்திருக்கும். வந்த முதல் வாரங்களில் கூடவே இருங்கள்.

நிர்வாகத்திடம் நாம் எழுத்தில் கேட்பது இவைதான்: சிகிச்சைக்குப் போன நாளுக்காகப் பேர் வெட்டக்கூடாது, எதற்கான சிகிச்சை என்று துண்டில் எழுதக்கூடாது, தமிழில் பேசும் மனநல உத்தியோகத்தர் மாதம் ஒரு தடவையாவது தோட்டத்துக்கு வரவேண்டும்.

மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் பேசலாம். கிளினிக்குக்குத் துணை வேண்டுமென்றால் கமிட்டித் தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ சொல்லுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. எந்த நாள் போகவேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும்.